1969 கமாரோவில் 700ஆர்4 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்: பொருத்துவதும் டிவி கேபிளைச் சரிசெய்வதும்

செவர்லே கமாரோவின் முதல் தலைமுறை 1967 முதல் 1969 வரையிலான மாடல்களோடு முடிந்தது. ஆட்டோமேட்டிக் கேட்டு வாங்கியவர்களில் பெரும்பாலோருக்கு முதலில் கிடைத்தது இரண்டே கியர் கொண்ட பவர்கிளைடு. 1969 மாடலில் மூன்று கியர் கொண்ட டர்போ 350 சேர்ந்தது. இரண்டுமே உறுதியான கியர்பாக்ஸ்கள்தான். ஆனால் இரண்டிலும் ஓவர்டிரைவ், அதாவது எஞ்சின் சுற்றைக் குறைத்து ஓடவிடும் உயர் கியர், கிடையாது. பின் அச்சில் 3.73 விகிதக் கிரவுனும் 26 அங்குல டயரும் உள்ள கமாரோவை நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 3,000 சுற்று சுற்றும். அரை மணி நேரத்தில் அந்த இரைச்சல் காதை அடைத்துவிடும். பெட்ரோலும் கரையும்.

700ஆர்4 இதற்கு நல்ல விடை. முதல் கியர் 3.06, இரண்டாவது 1.63, மூன்றாவது 1.00, நான்காவது 0.70. அதே வண்டி, அதே வேகம், எஞ்சின் சுற்று மட்டும் 2,100 அளவுக்கு இறங்கிவிடும். டர்போ 350இன் முதல் கியர் 2.52 மட்டுமே என்பதால், நின்ற இடத்திலிருந்து கிளம்பும் வேகமும் கூடும். 700ஆர்4 1982 மாடல்களில் அறிமுகமானது. அந்த ஆண்டு கார்வெட் ஸ்போர்ட்ஸ் கார் இந்த ஆட்டோமேட்டிக்குடன் மட்டுமே விற்கப்பட்டது.

ஆனால் இந்தக் கியர்பாக்ஸுக்கு ஒரு கெட்ட பெயரும் உண்டு: மாற்றிப் பொருத்திய சில வாரங்களில் கிளட்ச் தட்டுகள் கருகிவிடுகின்றன என்பார்கள். அந்தப் பழி பெரும்பாலும் கியர்பாக்ஸைச் சேர்ந்ததல்ல. கார்பரேட்டருக்கும் கியர்பாக்ஸுக்கும் இடையே ஓடும் ஒரு மெல்லிய கம்பி தவறாகக் கட்டப்பட்டிருக்கும். அதுதான் டிவி கேபிள். பொருத்தும் வேலைக்குச் செலவிடும் அதே கவனத்தை அந்தக் கேபிளுக்கும் செலவிடுங்கள் என்பதே இந்த வழிகாட்டியில் நான் அழுத்திச் சொல்ல வருவது.

எந்தப் பெட்டியை வாங்குவது

1987க்குப் பிந்தைய பெட்டியைத் தேடுங்கள். ஆரம்ப ஆண்டுகளின் பெட்டிகளில் இன்புட் ஷாஃப்டில் 27 பற்கள் இருந்தன. பின்னர் வந்தவற்றில் 30 பற்கள். எஞ்சின் பலத்தை ஆயில் வழியாகப் பெட்டிக்குக் கொடுக்கும் டார்க் கன்வர்ட்டர்களும் இந்த இரண்டுக்கும் ஒன்றுக்கொன்று பொருந்தா. 1987இல் உள்ளே பல திருத்தங்கள் நடந்தன. 1990இல் பெயர் 4எல்60 என்று மாறியது, பெட்டி அதேதான். ஆனால் 4எல்60ஈ என்று இருந்தால் ஒதுக்கிவிடுங்கள். அது கணினி இல்லாமல் இயங்காது, அதில் டிவி கேபிளும் கிடையாது.

முன்பக்கத்து மணி வடிவ உறையின் போல்ட் துளைகளையும் பாருங்கள். சிறிய வி6 எஞ்சின்களுக்காகச் செய்யப்பட்ட 700ஆர்4களும் பழைய சந்தையில் கிடைக்கின்றன. அவற்றின் துளைகள் கமாரோவின் வி8 எஞ்சினோடு பொருந்தா. விலை குறைவு என்று வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு இதைச் சரிக்கட்டுவது எளிதல்ல.

கூடவே வாங்க வேண்டியவை: 30 பல் கன்வர்ட்டர், டிவி கேபிள், பெட்டியின் பின்பக்கத்தைத் தாங்கும், அளவுக்குச் செய்த கிராஸ்மெம்பர், ஆயில் அளவுக் குச்சியும் அதன் குழாயும், கன்வர்ட்டரைச் சறுக்காமல் பூட்டும் லாக்அப் இணைப்புக்கான ஒயர் தொகுப்பு, தனி ஆயில் கூலர், 0 முதல் 300 பி.எஸ்.ஐ. வரை காட்டும் பிரஷர் கேஜ். கடைசியாகச் சொன்ன கேஜைப் பலர் வாங்குவதில்லை. இந்தப் பட்டியலில் நான் எதையும் விட்டுக்கொடுப்பேன், அதை மட்டும் விடமாட்டேன்.

அளவுகள்

சிறிய வால் கொண்ட டர்போ 350இன் நீளம் ஏறக்குறைய 27.7 அங்குலம். 700ஆர்4 30.75 அங்குலம். அதாவது சுமார் 3 அங்குலம் கூடுதல். அதனால் புரொப்பெல்லர் ஷாஃப்டை அந்த அளவுக்குக் குறைக்க வேண்டும். பின்பக்க மவுன்ட் டர்போ 350இல் எஞ்சின் முகத்திலிருந்து 20⅜ அங்குலத்திலும், 700ஆர்4இல் 22½ அங்குலத்திலும் இருக்கிறது. அதனால் கிராஸ்மெம்பரும் ஏறக்குறைய 2 அங்குலம் பின்னால் போகும். ஷாஃப்டின் முன்முனையில், பெட்டிக்குள் நுழையும் 27 பல் யோக் இரண்டு பெட்டிகளுக்கும் பொது. அதை மாற்ற வேண்டியதில்லை.

வண்டியோடு பிறந்த ஷாஃப்டை வெட்டாதீர்கள். இன்னொரு ஷாஃப்டை வாங்கி அதை வெட்டச் சொல்லுங்கள். பழைய ஷாஃப்ட், பழைய கிராஸ்மெம்பர், பழைய டர்போ 350 மூன்றையும் துடைத்து, எண்ணெய் தடவி, சுற்றி வையுங்கள். எஞ்சின், கியர்பாக்ஸ் எண்கள் வண்டி எண்ணோடு பொருந்திய அசல் வண்டியாக இருந்தால், நாளை வேறொருவர் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வழி இருக்க வேண்டும்.

கிரவுன் விகிதத்தையும் இப்போதே கணக்குப் பார்த்துவிடுங்கள். 3.08 கிரவுனோடு 0.70 சேர்ந்தால் முடிவு 2.16. அவ்வளவு குறைந்த சுற்றில் கார்பரேட்டர் வி8 எஞ்சின் நான்காவது கியரில் திணறும். 3.42, 3.73 இரண்டும் இந்தப் பெட்டிக்கு இசைவானவை.

பழையதை இறக்குதல்

பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். நான்கு உறுதியான ஸ்டாண்டுகளின் மேல் வண்டியை நிறுத்துங்கள். ஜாக்கியை நம்பி அடியில் படுக்கவே கூடாது. பெட்டியை வெளியே இழுக்க இடம் வேண்டும் என்பதால் வண்டி தரையிலிருந்து நன்றாக உயர்ந்திருக்க வேண்டும்.

அடுத்து, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றுங்கள். செவர்லே வி8இல் டிஸ்ட்ரிபியூட்டர் எஞ்சினின் பின்முனையில், ஃபயர்வாலை ஒட்டி இருக்கிறது. கியர்பாக்ஸை இறக்கியதும் எஞ்சினின் பின்பக்கம் தாழும். மூடி ஃபயர்வாலில் மோதி உடையும். மூடியை எடுத்த பிறகும் எஞ்சினின் பின்பகுதிக்கு அடியில் தாங்கல் கொடுங்கள்.

ஆயிலை வடியுங்கள். ஷாஃப்ட், கியர் இணைப்பு, ஸ்பீடோமீட்டர் கேபிள், கூலர் குழாய்கள், வேக்கம் குழாய் ஆகியவற்றைக் கழற்றுங்கள். டர்போ 350இல் கிக்டவுன் கேபிளும் இருக்கும். எஞ்சினுக்கு அடியில் உள்ள மூடியைத் திறந்து, கன்வர்ட்டரை ஃபிளெக்ஸ்பிளேட்டோடு (எஞ்சினின் பின்முனையில் சுழலும் தட்டு) பிணைக்கும் மூன்று போல்ட்டுகளையும் கழற்றி, கன்வர்ட்டரைப் பெட்டியின் பக்கம் தள்ளிவிடுங்கள். கன்வர்ட்டரும் பெட்டியும் சேர்ந்தே இறங்க வேண்டும். கியர்பாக்ஸுக்கான ஜாக்கியில் சங்கிலியால் கட்டிய பிறகே கிராஸ்மெம்பரைக் கழற்றுங்கள்.

வெறும் எஞ்சின் முகம் இப்போது கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. இரண்டு சோதனைகள். முதலாவது, பிளாக்கில் இரண்டு டவல் பின்கள் இருக்கின்றனவா? பெட்டியை எஞ்சினின் நேர்க்கோட்டில் வைத்திருப்பவை அவைதான். போல்ட்டுகள் இறுக்கிப் பிடிக்கும், நேர்படுத்தாது. பின் இல்லாமல் பொருத்திய பெட்டியில் முன்பம்பின் புஷ் தேய்ந்து சீல் ஒழுகும். இரண்டாவது, ஃபிளெக்ஸ்பிளேட்டில் விரிசல் இருக்கிறதா என்று போல்ட் துளைகளைச் சுற்றிப் பாருங்கள். புதியது வாங்குவதானால், 1986க்கு முந்தைய எஞ்சினுக்கு உரியதையே வாங்குங்கள். அதற்குப் பிந்தைய எஞ்சின்களில் சமநிலை எடை ஃபிளெக்ஸ்பிளேட்டிலேயே இருக்கும். அதைப் பழைய எஞ்சினில் மாட்டினால் வண்டி முழுதும் அதிரும்.

பழைய கூலர் குழாய்களையும் ரேடியேட்டரில் உள்ள கூலரையும் கழுவாமல் புதிய பெட்டியை இணைக்காதீர்கள். பழைய கிளட்ச் தூள் அங்கேதான் தங்கியிருக்கும். அது நேராகப் புதிய பெட்டிக்குள் போகும்.

கன்வர்ட்டரை அமர்த்துதல்

கன்வர்ட்டருக்குள் ஒரு லிட்டர் ஆயிலை ஊற்றுங்கள். அதன் கழுத்தில் ஆயில் தடவி, பெட்டியின் மேல் வைத்து, மெல்லச் சுற்றியபடி உள்ளே அழுத்துங்கள். அது மூன்று இடங்களில் பல் சேர வேண்டும்: ஸ்டேட்டர், இன்புட் ஷாஃப்ட், கடைசியாக முன்பம்ப். ஒவ்வொரு முறையும் அது சற்று உள்ளே இறங்குவது கைக்குத் தெரியும். மூன்றாவது இறக்கத்தில் "டொக்" என்ற கனத்த ஓசையோடு உட்காரும். இரண்டாவது இறக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டது என்று நினைப்பது எளிது. ஆகவே இன்னும் ஒருமுறை சுற்றி அழுத்திப் பாருங்கள்.

பெட்டியை உயர்த்துங்கள். எஞ்சின் முகமும் பெட்டியின் முகமும் கையால் தள்ளியே இடைவெளி இல்லாமல் சேர வேண்டும். சேரவில்லையென்றால் கன்வர்ட்டர் முழுதாக உட்காரவில்லை. போல்ட்டை முறுக்கி இழுத்துச் சேர்க்க முயன்றால் முன்பம்ப் உடையும். பெட்டியை இறக்கி, மறுபடி அமர்த்துங்கள். இதற்குச் சோம்பல்பட்டவர்களின் கியர்பாக்ஸ்கள் முதல் ஸ்டார்ட்டிலேயே செத்துப்போகின்றன.

சேர்ந்த பிறகு போல்ட்டுகளை 35 பவுண்டு-அடி முறுக்கத்துக்கு இறுக்குங்கள். கன்வர்ட்டரைக் கையால் சுற்றுங்கள். அது தடையின்றிச் சுழல வேண்டும், ஃபிளெக்ஸ்பிளேட்டுக்கும் அதற்கும் இடையே ⅛ முதல் 3⁄16 அங்குலம் வரை, அதாவது 3 முதல் 5 மில்லிமீட்டர் வரை இடைவெளி இருக்க வேண்டும். இடைவெளி குறைந்தால் பம்ப்மீது அழுத்தம் விழும். கூடினால் கன்வர்ட்டரின் கழுத்து பம்ப்பில் போதிய அளவு நுழையாது. அப்போது வாஷர் வைத்து அளவைச் சரிசெய்யுங்கள். பிறகே கன்வர்ட்டர் போல்ட்டுகளை இறுக்குங்கள்.

மீதி இணைப்புகள்

கிராஸ்மெம்பரை மாட்டி, மவுன்ட்டை இறுக்குங்கள். 700ஆர்4இல் கீழ்த் துளை கூலருக்குப் போவது, மேல் துளை திரும்பி வருவது. தனிக் கூலரை ரேடியேட்டருக்கு அடுத்ததாக, திரும்பும் வழியில் இணைப்பதே என் விருப்பம்.

புரொப்பெல்லர் ஷாஃப்டின் நீளத்தை வண்டியின் எடை சக்கரங்களின் மேல் இருக்கும்போதே அளவெடுங்கள். யோக் உள்ளே முட்டும் இடத்திலிருந்து ¾ முதல் 1 அங்குலம் வெளியே இருக்க வேண்டும். வெட்டிய ஷாஃப்டைச் சமன்செய்து தரச் சொல்லுங்கள். பெட்டியின் சாய்வும் கிரவுனின் சாய்வும் ஒரே அளவில், எதிரெதிர்த் திசையில் இருக்க வேண்டும். ஒரு டிகிரிக்கு மேல் வேறுபட்டால் குறிப்பிட்ட வேகத்தில் அதிர்வு வரும்.

கியர் லீவரில் ஒரு சிக்கல் உண்டு. டர்போ 350க்கு ஆறு நிலைகள், 700ஆர்4க்கு ஏழு. பழைய லீவரின் தடுப்புத் தகடு பொருந்தாது. அதற்குரிய மாற்றுத் தகடு வேண்டும். இணைப்பைச் சரிசெய்யும்போது முதலில் பெட்டியின் பக்கத்துக் கைப்பிடியை நியூட்ரலில், உள்ளே "கிளிக்" என்று விழும் இடத்தில் வையுங்கள். உள்ளே இருக்கும் லீவரையும் நியூட்ரலில் வைத்து, இரண்டுக்கும் நடுவே உள்ள கம்பியின் நீளத்தைத்தான் மாற்ற வேண்டும். ஏழு நிலைகளிலும் பெட்டிக்குள் விழும் கிளிக்கும் லீவரின் கிளிக்கும் ஒன்றாகவே விழ வேண்டும். பார்க்கிலும் நியூட்ரலிலும் மட்டுமே எஞ்சின் ஸ்டார்ட் ஆகிறதா என்பதையும் சோதியுங்கள். டிரைவில் ஸ்டார்ட் ஆகும் வண்டி ஆளைக் கொல்லும்.

லாக்அப் ஒயர் இணைப்பை "அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளிவிடாதீர்கள். சாவி போட்டால் வரும் 12 வோல்ட்டை பிரேக் சுவிட்ச் வழியாகக் கொண்டுவந்து, நான்காவது கியரில் மட்டும் இணைக்கும் பிரஷர் சுவிட்ச் வழியாகக் கன்வர்ட்டர் சொலினாய்டுக்குக் கொடுக்க வேண்டும். பிரேக்கைத் தொட்டதும் மின்சாரம் துண்டிக்கப்பட வேண்டும். லாக்அப் வேலை செய்யாவிட்டால் நான்காவது கியரில் கன்வர்ட்டர் சறுக்கிக்கொண்டே இருக்கும், ஆயில் கொதிக்கும்.

டிவி கேபிள்

டிவி என்பது த்ராட்டில் வால்வின் சுருக்கம். டர்போ 350இன் கிக்டவுன் கேபிளைப் போல இதையும் நினைத்துக்கொள்வதால்தான் இத்தனை பெட்டிகள் கருகுகின்றன. கிக்டவுன் கேபிள் கியரை இறக்கச் சொல்வது மட்டுமே. அது அறுந்தாலும் டர்போ 350 ஓடும். டிவி கேபிள் அப்படியல்ல. எஞ்சின் எவ்வளவு பலம் கொடுக்கிறது என்பதைப் பெட்டிக்குத் தெரிவிப்பது அதுதான். ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க கேபிள் ஒரு வால்வை இழுக்கிறது. கிளட்ச் தட்டுகளை அழுத்திப் பிடிக்கும் ஆயில் அழுத்தம் அதற்கேற்ப உயர்கிறது. கேபிள் தளர்ந்திருந்தால், எஞ்சின் முழுப் பலத்தில் முறுக்கும்போது தட்டுகளைப் பிடிக்கும் அழுத்தம் அரைகுறையாக இருக்கும். தட்டு சறுக்கும், சூடேறும், கருகும். மூன்றாவது, நான்காவது கியர் தட்டுகள் முதலில் போகும். கியர் மாறுவது மெத்தென்று இருக்கிறதே என்று ஓட்டுபவர் மகிழ்ந்துகொண்டிருக்கும்போதே இது நடக்கும்.

முதலில் ஆக்சிலரேட்டரைச் சரிசெய்யுங்கள். ஒருவர் வண்டிக்குள் உட்கார்ந்து பெடலைத் தரைவரை மிதிக்கட்டும். நீங்கள் கார்பரேட்டரின் வால்வுகள் முழுதாகத் திறக்கின்றனவா என்று பாருங்கள். பெடலுக்கு அடியில் கிடக்கும் தடித்த கால்விரிப்பு ஒன்றே போதும், வால்வு முழுதாகத் திறக்காமல் தடுக்க. ஐடிலிங் வேகத்தையும் டைமிங்கையும்கூட இப்போதே முடித்துவிடுங்கள். பின்னால் அவற்றை மாற்றினால் கேபிள் அளவும் மாறிவிடும்.

அடுத்தது கார்பரேட்டரில் கேபிள் மாட்டும் முளை எங்கே இருக்கிறது என்பது. த்ராட்டில் அச்சின் மையத்திலிருந்து அந்த முளை 1.094 முதல் 1.125 அங்குலத் தொலைவில் இருக்க வேண்டும். இந்தப் பெட்டியோடு வந்த எண்பதுகளின் குவாட்ராஜெட் கார்பரேட்டரில் அது சரியாகவே இருக்கும். ஹோலி, எடல்பிராக் கார்பரேட்டர்களில் திருத்தத் தகடு ஒன்றைப் போட வேண்டும். அந்தத் தகடு இல்லாமல் எவ்வளவு சரிசெய்தாலும் ஒருமுனை சரியானால் மறுமுனை தவறும்.

பெட்டியின் பக்கத்தில் கேபிளின் கொக்கியை உள்ளே உள்ள கம்பியில் மாட்டி, உறையை ஒரே ஒரு போல்ட்டால் இறுக்குங்கள். கார்பரேட்டர் பக்கத்தில் கேபிள் உறையின் முனையில் ஒரு சறுக்குக் குழலும் அதைப் பூட்டும் பொத்தானும் இருக்கும். எஞ்சின் ஓடாத நிலையில் பொத்தானை அழுத்திக்கொண்டு, குழலை ஃபயர்வாலை நோக்கி முழுதாகப் பின்னுக்குத் தள்ளி, பொத்தானை விடுங்கள். இப்போது பெடலை ஒருமுறை முழுதாக மிதிக்கச் சொல்லுங்கள். குழல் "டிக் டிக் டிக்" என்று பல்பல்லாக முன்னேறித் தானே தன் இடத்தில் நிற்கும். கேபிள் தானே எடுத்துக்கொண்ட அளவு அது.

அதை அப்படியே நம்பிவிடாதீர்கள். பெடல் முழுதாக மிதிபட்டிருக்கும்போது கேபிளை விரலால் பிடித்து இன்னும் இழுத்துப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர்கூட வரக் கூடாது. பெடலை விட்டதும் கேபிள் தளராமலும் விறைக்காமலும் இருக்க வேண்டும். ஐடிலில் தளர்ச்சி தெரிந்தால் முளை இருக்கும் இடம் தவறு.

முதல் ஸ்டார்ட்டும் கேஜும்

டெக்ஸ்ரான் வகை ஆயிலில் 4 அல்லது 5 லிட்டரைக் குழாய் வழியாக ஊற்றுங்கள். எஞ்சினைப் பார்க்கில் ஸ்டார்ட் செய்ததும், கன்வர்ட்டர் ஆயிலை இழுத்துக்கொள்ளும். நிறுத்தாமல் சேர்த்துக்கொண்டே இருங்கள். முற்றிலும் காலியான பெட்டி கன்வர்ட்டரோடு சேர்த்து 10 லிட்டருக்கு மேல் வாங்கும். பிரேக்கை மிதித்தபடி எல்லா நிலைகளுக்கும் லீவரை மெல்ல நகர்த்தி, சூடான பிறகு, சமதரையில், எஞ்சின் ஓடும்போதே குச்சியில் அளவு பாருங்கள்.

ஓட்டத் தொடங்கும் முன் கேஜை மாட்டுங்கள். பெட்டியின் இடதுபுறம், கியர் கைப்பிடிக்கு மேலே அழுத்தத் துளை இருக்கிறது. சூடான எஞ்சின் ஐடிலில் இருக்கும்போது 55 முதல் 65 பி.எஸ்.ஐ. வரை காட்ட வேண்டும். கேபிளைக் கையால் மிக லேசாக இழுங்கள். இழுத்த உடனேயே முள் ஏற வேண்டும். கேபிள் நகர்ந்தும் முள் அசையாமல் நின்றால் கேபிள் தளர்ந்திருக்கிறது. சுமார் 1,000 சுற்றில் கேபிளை முழுதாக இழுத்தால் 130 முதல் 170 பி.எஸ்.ஐ. வரை போகும். சில விநாடிகளுக்கு மேல் அப்படிப் பிடித்திருக்காதீர்கள். கேஜ் இதை ஒப்புக்கொள்ளும்வரை வண்டியைச் சாலையில் இறக்குவதில்லை என்ற விதியை நான் ஒருபோதும் தளர்த்தியதில்லை.

சாலையில்

பெடலை லேசாக மிதித்து ஓட்டுங்கள். மணிக்கு ஏறக்குறைய 25 கிலோமீட்டரில் இரண்டாவது, 40இல் மூன்றாவது, 65 முதல் 70க்குள் நான்காவது, அதற்குச் சற்றுப் பிறகு லாக்அப். டயரும் கிரவுனும் மாறினால் இந்த எண்களும் சற்று மாறும். லாக்அப் விழும்போது இன்னொரு கியர் மாறியது போலத் தோன்றும், எஞ்சின் சுற்று 200 அளவுக்கு இறங்கும். பிரேக் பெடலை லேசாகத் தொட்டால் அது மறுபடி ஏற வேண்டும்.

கியர் சீக்கிரமாக, வழுக்கிக்கொண்டு மாறினால் உடனே வண்டியை நிறுத்துங்கள். கேபிள் தளர்வு அது. தாமதமாகவும் முரட்டுத்தனமாகவும் மாறினால் கேபிள் இறுக்கம். இதில் ஆபத்து குறைவு, ஆனாலும் திருத்த வேண்டும். முழு வேகத்தில் கியர் மாறும் சுற்று மட்டும் பிடிக்கவில்லை என்றால் கேபிளைத் தொடாதீர்கள். அது பெட்டியின் இடதுபுறப் பின்பகுதியில் வட்ட மூடிக்குள் இருந்து, வண்டியின் வேகத்தைப் பெட்டிக்கு உணர்த்தும் கவர்னரின் வேலை. அதன் எடைகளையும் ஸ்பிரிங்குகளையும் மாற்றித்தான் அதைச் சரிசெய்ய வேண்டும். பவர்கிளைடில் வெளியே ஸ்குரூவைத் திருகி, உள்ளே டிரம்மைச் சுற்றிப் பிடிக்கும் பேண்டைச் சரிசெய்து பழகியவர்கள் இதிலும் அதைத் தேடுவார்கள். 700ஆர்4இல் அப்படி வெளியிலிருந்து திருகும் பேண்ட் கிடையாது.

முதல் நூறு கிலோமீட்டருக்குப் பிறகு வண்டியைத் தூக்கி, மவுன்ட், கிராஸ்மெம்பர், ஷாஃப்ட் போல்ட்டுகளை மறுபடி இறுக்குங்கள். கூலர் இணைப்புகளில் கசிவு பாருங்கள். ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் அடித்தட்டைத் திறந்து ஃபில்டரை மாற்றுங்கள். தட்டின் காந்தத்தில் மெல்லிய சாம்பல் நிறச் சேறு படிந்திருப்பது இயல்பு. கருகிய வாடையோ, கறுத்த துகள்களோ தெரிந்தால் கேஜை மறுபடி மாட்டி, கேபிளிலிருந்து தொடங்குங்கள்.